பிரெட்போர்டில் ரேடியோ, ஹார்மோனியம், கொஞ்சம் இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிய பிள்ளைகளும், பிள்ளைகளுக்கென்று வாங்கிவிட்டுத் தாங்களே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்ட பெற்றோர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கிட் என்று நான் சொல்வது, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் இல்லாமல், துளைகள் நிறைந்த பிரெட்போர்டு என்ற பலகையில் செருகும் வகையை. ஸ்பிரிங்கில் ஒயரைச் செருகும் பழைய வகை என்றாலும், சட்டைப் பட்டன் போல அழுத்தி மாட்டும் வகை என்றாலும் சர்க்யூட் ஒன்றுதான்.

கிட்டைப் பிரித்தாயிற்று. முதலில் எதைச் செய்வது?

எல்லாருடைய கையும் எல்இடி மினுக்கத்தான் போகும். செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் அங்கிருந்து நேராக ரேடியோவுக்குத் தாவாதீர்கள். அடுத்தது ஆம்ப்ளிஃபையர்.

காரணம் எளிது. ரேடியோ பேசாமல் கிடந்தால் தப்பு காயிலிலா, டையோடிலா, ஸ்பீக்கரிலா என்று புதிதாகப் பழகுபவரால் கண்டுபிடிக்க முடியாது. நன்றாகப் பாடும் ஆம்ப் ஒன்று பக்கத்தில் இருந்தால், மற்ற ஒவ்வொன்றையும் அதில் கொடுத்துக் காதாலேயே சோதிக்கலாம். எல்இடி எரிகிறதா இல்லையா என்பதோடு கண்ணின் வேலை முடிந்துவிடும். காது அப்படியில்லை. ‘உம்ம்’ என்றால் ஒரு நோய், ‘கொர்ர்’ என்றால் வேறு நோய், ‘உய்ய்’ என்றால் இன்னொன்று. சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வாங்கப் பணமில்லாதவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆம்ப்புக்கு எல்எம்386 என்ற எட்டுக்கால் ஐசி போதும். 6ஆம் காலுக்கு பேட்டரியின் பிளஸ், 4க்கு மைனஸ். 2ஆம் காலையும் மைனஸில் சேருங்கள். 3ஆம் காலுக்கு, 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்து சிக்னல். 5ஆம் காலிலிருந்து 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸ். இவ்வளவில் சிக்னல் 20 மடங்கு பெருகும். 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட்டால் 200 மடங்கு. தொடக்கத்தில் 20 போதும்.

இப்போது வால்யூமை ஏற்றி, 3ஆம் காலை விரலால் தொடுங்கள். ‘உம்ம்’ என்று கேட்டால் ஆம்ப் உயிரோடு இருக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உங்கள் உடம்பு ஆன்டெனாவாகப் பிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்ததும் இதற்காகத்தான். ஒன்று மட்டும்: இது பேட்டரி சர்க்யூட்டுக்கான வித்தை. பிளக்கில் மாட்டும் எந்தப் பொருளையும் திறந்து வைத்துக்கொண்டு விரலை நீட்டக் கூடாது.

ஆம்ப் ‘டப்டப்டப்’ என்று மோட்டார் படகு போல அடிக்கிறது. ஐசி போய்விட்டதா?

இல்லை. 9 வோல்ட் பேட்டரி களைத்திருக்கிறது. ஸ்பீக்கர் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்குகிறது, இறங்கியதும் ஐசி தடுமாறுகிறது, விட்டதும் ஏறுகிறது. அந்தச் சுழற்சியைத்தான் கேட்கிறீர்கள். ஐசியின் 6ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் குறுக்கே, காலை ஒட்டியே, 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைச் செருகுங்கள். ‘உய்ய்’ என்று கூவினால் மருந்து வேறு: 5ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் தொடராக. உள்ளே போகும் ஒயரும் வெளியே வரும் ஒயரும் பின்னிக் கிடந்தாலும் கூவும். அவற்றைப் பிரித்து வையுங்கள்.

கண்டன்சர், கெபாசிட்டர், மின்தேக்கி: மூன்றும் வேறு வேறா?

ஒன்றேதான். பாடப்புத்தகம் மின்தேக்கி என்கிறது, கடைக்காரர் கண்டன்சர் என்கிறார், கிட்டோடு வரும் தாள் கெபாசிட்டர் என்கிறது. ரிச்சி தெருவில் போய் ‘104 மின்தேக்கி பத்து கொடுங்கள்’ என்று கேட்டால் கொடுப்பார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அந்த 104 என்பது என்ன?

முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது எத்தனை சைபர் என்பது. அலகு பிகோஃபாரட். 104 என்றால் 10க்குப் பின்னால் நான்கு சைபர்: 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றால் 0.01. ரெசிஸ்டர் நிறங்களும் இதே கணக்குத்தான்: கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு வந்தால் 10 கிலோ ஓம். இப்போதைய கிட்களில் நீல உடம்பில் ஐந்து கோடு போட்ட ரெசிஸ்டர்கள் அதிகம். அவற்றில் மூன்று கோடு எண்ணுக்கு, நாலாவது சைபருக்கு. மின்விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்துவிட்டுச் செருகுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

படத்தில் உள்ளபடியே மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. ஏன்?

‘படத்தில் உள்ளபடியே’ என்று சொன்ன பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரு துளை தள்ளித்தான் மாட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான். அதைப் பார்த்தாயிற்று என்றால் இனி வருவன.

பிரெட்போர்டின் ஓரத்தில் சிவப்பு, நீலக் கோடு போட்ட வரிசைகள் பேட்டரிக்கானவை. நீளமான போர்டுகள் பலவற்றில் அந்த வரிசை நடுவில் அறுந்திருக்கும். கோடும் அங்கே விட்டுப் போயிருக்கும், ஆனால் யார் கவனிக்கிறார்கள்? இடது பாதியில் பேட்டரி, வலது பாதியில் ஐசி. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்திருக்கிறேன். ஒரு துண்டு ஒயரால் இரண்டு பாதியையும் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது டிரான்சிஸ்டரின் கால்கள். பிசி547ஐத் தட்டை முகம் உங்களைப் பார்க்கப் பிடித்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி, ஆனால் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே செருகினால் சர்க்யூட் பிணம் போலக் கிடக்கும்.

ஐசியில் ஒரு பக்கம் அரைவட்டமாக வெட்டு இருக்கும். அது இடப்பக்கம் வரும்படி வைத்தால் கீழ் வரிசையின் இடது ஓரம் 1ஆம் கால். அங்கிருந்து வலமாகப் போய், மேலே ஏறி, இடமாகத் திரும்பி எண்ண வேண்டும். தலைகீழாகச் செருகினால் பிளஸ் மைனஸ் மாறிவிடும். தொட்டால் சுடுகிறதென்றால் யோசிக்காமல் பேட்டரியைப் பிடுங்குங்கள். கருகிய நாற்றம் வராதவரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கிட்டோடு வரும் மலிவான ஜம்பர் ஒயர்களில் சில பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே அறுந்திருக்கும். அப்படிப்பட்டதைக் கண்டுபிடித்தால் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். நான் ஒன்றைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அது மறுபடியும் என் கைக்கே வந்தது.

கணினி இல்லாமல் சத்தம் உண்டாக்க எளிய வழி எது?

555 டைமர் ஐசி. 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது. 1972இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் தேநீர் விலைக்குக் கிடைக்கிறது.

4ஆம் காலும் 8ஆம் காலும் பிளஸுக்கு, 1 மைனஸுக்கு. 8க்கும் 7க்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், இதை முதலாவது என்போம். 7க்கும் 6க்கும் நடுவே இரண்டாவது. 6ஐயும் 2ஐயும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு ஒரு கண்டன்சர். 3ஆம் காலில் சத்தம் வரும்; 100 ஓமும் 10 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் தொடராகப் போட்டு ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

உள்ளே நடப்பது இது: கண்டன்சர் இரண்டு ரெசிஸ்டர் வழியாகவும் நிரம்புகிறது. பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி 7ஆம் காலைத் திறந்துவிட, இரண்டாவது ரெசிஸ்டர் வழியாக வடிகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. வாளி நிரம்புவதும் கவிழ்வதும் போல. எத்தனை முறை என்பதற்குக் கணக்கு: முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டி, கண்டன்சரால் பெருக்கி, 1.44ஐ அதனால் வகுக்க வேண்டும். 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் நொடிக்குச் சுமார் 686 முறை. காதுக்கு அது ‘பீ’.

இரண்டாவது ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு அங்கே எல்டிஆர் என்ற ஒளி உணர் ரெசிஸ்டரைச் செருகுங்கள். கையை மேலே ஆட்டினால் நிழலுக்கு ஏற்ப சத்தம் ஏறி இறங்கும். பிள்ளைகள் இதை விட்டு நகர மாட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

555ஐ வைத்து ஸ்வரம் வாசிக்க முடியுமா? ‘கீபோர்டு’ சர்க்யூட்களில் எல்லாம் மேற்கத்திய நோட்டுகள்தானே இருக்கின்றன?

முடியும். இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. காகிதத்தில் கணக்குப் போட்டபோது எண்கள் இவ்வளவு அழகாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஷட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சங்கராபரணத்துக்கான விகிதங்கள்: ரி 9/8, க 5/4, ம 4/3, ப 3/2, த 5/3, நி 15/8, மேல் ஸ 2. அப்படியென்றால் 240, 270, 300, 320, 360, 400, 450, 480. முதல் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், கண்டன்சர் 0.1 மைக்ரோஃபாரட் என்று நிறுத்திக்கொண்டு மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், இரண்டாவது ரெசிஸ்டர் ஸ வுக்கு 29.5 கிலோ ஓம், ரி க்கு 26.2, க வுக்கு 23.5, ம வுக்கு 22, ப வுக்கு 19.5, த வுக்கு 17.5, நி க்கு 15.5, மேல் ஸ வுக்கு 14.5.

எட்டு ஸ்வரத்துக்கு எட்டுத் தனி ரெசிஸ்டர் தேட வேண்டாம். ஒரே சங்கிலியாகக் கோர்க்கலாம். 7ஆம் காலிலிருந்து முதலில் 14.5 கிலோ ஓம். அதன் பிறகு வரிசையாக 1, 2, 2, 2.5, 1.5, 2.7, 3.3 கிலோ ஓம். ஒவ்வொரு மூட்டிலிருந்தும் ஒரு பட்டன்; எல்லாப் பட்டன்களின் மறுமுனையும் ஒன்றாக 6, 2ஆம் கால்களுக்கு. 14.5க்கு அடுத்த மூட்டு மேல் ஸ, கடைசி மூட்டு கீழ் ஸ. 2.5 கிலோ ஓம் கடையில் கிடைக்காது, 2.4ஐயும் 100 ஓமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14.5க்கு 10 கிலோ ஓமோடு 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராகப் போட்டு, மேல் ஸ வும் கீழ் ஸ வும் ஒன்றோடொன்று இழையும்வரை திருப்புங்கள்.

இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் மேல் ஸ்வரம்தான் கேட்கும். மற்றது குறுக்கே சேர்ந்து காணாமல் போய்விடும். ஆகவே இது ஒற்றைக் குரல் ஹார்மோனியம். கமகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ம வையும் நி யையும் தொடாமல் வாசித்தால் மோகனம், ஐந்தே ஸ்வரம்.

வாசித்தேன். அபஸ்வரமாக இருக்கிறதே?

எப்படி அபஸ்வரம் என்பதைக் கவனியுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்டன்சர் காரணம். அதன் மதிப்பு பத்து சதவீதம் தள்ளியிருப்பது சாதாரணம். ஆனால் அது எட்டு ஸ்வரத்தையும் ஒரே விகிதத்தில் நகர்த்தும். சுருதி மாறும், ராகம் மாறாது. ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் பிசகினால் ரெசிஸ்டர் காரணம். தங்கக் கோடு போட்ட 5 சதவீத ரெசிஸ்டரில் பிழை முழுதாக ஒரே பக்கம் சேர்ந்தால், ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரஸ்தானம்வரை போய்விடக்கூடும். இங்கே மட்டும் 1 சதவீத ரெசிஸ்டர் வாங்கச் செலவு செய்யலாம்.

வாசிக்க வாசிக்கச் சுருதி நகர்ந்தால், வட்ட வில்லை போன்ற செராமிக் கண்டன்சரை எடுத்துவிட்டுப் பச்சை நிற பாலியெஸ்டர் கண்டன்சரைப் போடுங்கள். செராமிக் வில்லை சூட்டுக்கு மதிப்பு மாறும். நம்பாவிட்டால் ‘பீ’ என்று கூவும்போது அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். உடம்புச் சூட்டிலேயே சுருதி அசையும்.

பேட்டரியே இல்லாமல் ரேடியோ பாடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒலிபரப்பு நிலையம் அனுப்பும் ஆற்றலில் துளியூண்டு உங்கள் ஆன்டெனாவில் விழுகிறது. அந்தத் துளியே இயர்ஃபோனை அசைக்கிறது. இதற்குக் கிரிஸ்டல் ரேடியோ என்று பெயர். டையோடுக்குப் பதிலாக கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லை மெல்லிய கம்பியால் தொட்டுக் கேட்ட காலத்துப் பெயர் அது. கலீனாவை உணர்கருவியாகப் பயன்படுத்தியதற்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

வேண்டியவை நான்கே: காயில், கேங் கண்டன்சர் (நிலையம் மாற்றத் திருப்பும் கண்டன்சர்), ஜெர்மானியம் டையோடு, கிரிஸ்டல் இயர்ஃபோன். பிறகு நீளமான ஆன்டெனாவும் நல்ல எர்த்தும்.

டையோடு ஜெர்மானியமாகவே இருக்க வேண்டும். 1என்34ஏ அல்லது ஓஏ91 என்று கேளுங்கள். கிட்டில் இருக்கும் சாதா சிலிக்கான் டையோடு 0.6 வோல்ட் வந்தால்தான் வழிவிடும். ஆன்டெனாவில் அவ்வளவு வராது. ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே திறந்துகொள்ளும். செல்போன் இயர்ஃபோனும் உதவாது. அதன் 32 ஓம் சுருள், இருக்கிற துளி சிக்னலையும் குடித்துவிடும். கிரிஸ்டல் இயர்ஃபோன் கிடைக்கவில்லையா? டையோடிலிருந்து வருவதை 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக நீங்கள் முதலில் செய்த எல்எம்386 ஆம்ப்புக்குக் கொடுங்கள். பேட்டரி இல்லாத ரேடியோ என்று பெருமை பேச முடியாது, ஆனால் வீடே கேட்கும். எப்படியானாலும் டையோடுக்குப் பிறகு மைனஸுக்கு (பேட்டரி இல்லையென்றால் எர்த்துக்கு) ஒரு 47 கிலோ ஓம் போட மறக்காதீர்கள்.

காயிலை எப்படிச் சுற்றுவது? எத்தனை சுற்று?

ஹார்டுவேர் கடையில் 63 மில்லிமீட்டர் பிவிசி பைப் துண்டு ஒன்று. அதன் மேல் 24 கேஜ் எனாமல் காப்பர் ஒயரை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், 80 சுற்று. ஏறக்குறைய 16 மீட்டர் ஒயர் ஆகும். காயிலின் மதிப்பு சுமார் 330 மைக்ரோஹென்றி வரும். இதோடு 266 பிகோஃபாரட் வரை போகும் கேங் கண்டன்சரைச் சேர்த்தால் மீடியம் வேவ் முழுவதும் அடங்கும். 720 கிலோஹெர்ட்ஸுக்குக் கேங் சுமார் 148 பிகோஃபாரட்டில் நிற்கும், 936க்குச் சுமார் 88இல்.

ஒயரின் இரு முனையிலும் எனாமலைச் சுரண்ட வேண்டும். பளபளவென்று செம்பு தெரியும்வரை. பார்க்க செம்பு நிறமாகவே இருப்பதால் பலர் சுரண்டாமல் மாட்டிவிட்டு, ரேடியோ பாடவில்லை என்று வருவார்கள்.

டையோடைக் காயிலின் மேல் முனையில் மாட்டினால் நிலையங்கள் கலந்து கேட்கும், ஏனென்றால் காயிலின் கூர்மையை டையோடு மழுங்கடிக்கிறது. சுற்றும்போதே எர்த் பக்கமிருந்து 20, 40, 60ஆம் சுற்றுகளில் ஒயரைச் சிறு வளையமாக முறுக்கி விட்டுவையுங்கள். அவற்றில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். கீழே போகப் போக நிலையம் பிரியும், சத்தம் குறையும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் காதும் உங்கள் ஊரும் முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் ஊரில் எந்த நிலையம் கிடைக்கும்?

வானொலியின் பழகிய மீடியம் வேவ் எண்கள்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் 9ஆல் வகுபடும், கவனித்தீர்களா? நம் பக்கத்தில் மீடியம் வேவ் நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கியிருப்பதால் வந்தது. அமெரிக்காவில் அது 10.

ஆனால் காயில் சுற்றும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிரசார் பாரதி நாடெங்கும் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடிவருகிறது. சிலவற்றில் டிஜிட்டல் ஒலிபரப்பு நடக்கிறது. அது நம் ரேடியோவில் வெறும் ‘ஸ்ஸ்’ என்றுதான் கேட்கும். அதனால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை எங்கேயாவது தேடிப் பிடித்து, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பகலில் எது பலமாகக் கேட்கிறது என்று பாருங்கள். அதில் பலமாகக் கேட்காத நிலையம் பேட்டரி இல்லாத ரேடியோவில் கேட்கவே கேட்காது. பெரிய டிரான்ஸ்மிட்டரிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தால் நம்பிக்கையோடு தொடங்கலாம்.

பொழுது சாய்ந்ததும் தூரத்து நிலையங்கள் வந்து மோதும். பகலில் வெயிலால் உருவாகி மீடியம் வேவை விழுங்கும் கீழ் அயனி அடுக்கு இரவில் கலைந்துவிடுகிறது. அலைகள் இன்னும் மேலே போய்த் திரும்பி வருகின்றன.

பேட்டரி போட்டாலும் பரவாயில்லை, சின்ன ஆன்டெனாவில் ரேடியோ வேண்டும்.

டிஏ7642. டிரான்சிஸ்டர் போலவே மூன்று கால், உள்ளே ஒரு முழு ரேடியோ. 1972இல் பிரிட்டனின் ஃபெரான்டி கொண்டுவந்த இசட்என்414 வழிவந்தது. ஃபெரைட் ராடில் அறுபது எழுபது சுற்றுக் காயில், ஒரு கேங், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கண்டன்சர், ஒரு பென்டார்ச் செல். வெளி ஆன்டெனா வேண்டாம், எர்த் வேண்டாம்.

இதற்கு 1.5 வோல்ட்தான் உணவு. கிட்டின் 9 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அந்த நொடியே முடிந்தது. ஆம்ப்புக்கு 9 வோல்ட், இதற்குத் தனியாக ஒரு செல், இரண்டின் மைனஸும் சேர்ந்திருக்கட்டும். காயிலை ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லையேல் கூவும். ஃபெரைட் ராடைத் திருப்பத் திருப்ப நிலையம் ஏறி இறங்கும். ராடின் நுனி நிலையத்தைப் பார்த்தால் சத்தம் குறையும், பக்கவாட்டுப் பார்த்தால் கூடும்.

நிலையத்தைவிட ‘கொர்ர்’ இரைச்சல்தான் அதிகம்.

செல்போன் சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், டிவி. இவை எல்லாவற்றிலும் வேகமாக ஆன் ஆஃப் ஆகும் பவர் சப்ளை இருக்கிறது. அது கக்கும் குப்பை மீடியம் வேவில்தான் வந்து விழுகிறது. ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். எந்த சார்ஜர் திருடன் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எங்கள் தெருவில் மின்சாரம் போகும் நேரம்தான் ரேடியோ கேட்க நல்ல நேரம்.

எஃப்எம் ரேடியோ செய்யலாமா?

பிரெட்போர்டில் வேண்டாம். அதன் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று பிகோஃபாரட் தானாகவே இருக்கிறது. மீடியம் வேவில் அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் அது சர்க்யூட்டையே மாற்றிவிடும். தயாராக விற்கும் சிறிய எஃப்எம் ரிசீவர் போர்டை வாங்கி உங்கள் ஆம்ப்பில் மாட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘எஃப்எம் மைக்’ என்று, பேசுவதை எஃப்எம்மில் ஒலிபரப்பும் சர்க்யூட் ஒன்று பார்த்தேன். ஒரே டிரான்சிஸ்டர். செய்து பார்க்கலாமா?

கேட்கும் கருவி செய்ய யாரிடமும் அனுமதி வேண்டாம். ரேடியோ பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அது 1980களில் போய்விட்டது. ஒலிபரப்பும் கருவி வேறு விஷயம். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டம் தொட்டு லைசென்ஸ் இல்லாமல் கூடாது. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதே நிலைதான். பீகாரின் வைஷாலி மாவட்டத்தில் ரேடியோ பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் கையால் செய்த டிரான்ஸ்மிட்டரில் ஊருக்கே எஃப்எம் நடத்தினார். ஊர் கொண்டாடியது. 2006இல் அரசு அதை மூடியது.

எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை ஒட்டியே விமானப் போக்குவரத்துக்கான அலைவரிசைகள் தொடங்குகின்றன. அந்த ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஓரிடத்தில் நிற்காது, கை பக்கத்தில் போனாலே நகரும். ஆசை உண்மையானது என்றால் 12 வயது நிரம்பியதும் ஹாம் ரேடியோ தேர்வு எழுதலாம்.

பிள்ளைகள் தனியாகச் செய்யலாமா? ஆபத்து உண்டா?

9 வோல்ட் பேட்டரி யாரையும் ஒன்றும் செய்யாது, பிளஸையும் மைனஸையும் ஒயரால் நேராகச் சேர்த்தால் சுடும் என்பதைத் தவிர. கவலை வேண்டியது ஆன்டெனாவில். ஒயரை மின்கம்பிக்கு மேலாகவோ அருகிலோ கட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி தொடங்கும் முன்பே மாடி ஆன்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். எர்த் வேண்டுமென்று சுவர் பிளக்கின் துளையில் கம்பி செருகுவதைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேண்டாம். ஈரமான தோட்டத்து மண்ணில் அடித்த இரும்புக் கம்பி போதும்.

சால்டரிங் எப்போது பழகுவது?

பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட் ஒரு வாரம் பிசகாமல் ஓடிய பிறகு. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது?

தண்ணீர்த் தொட்டி அலாரம். தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ. ஒன்றுக்கு 10 கிலோ ஓம் வழியாக பிளஸ், மற்றது பிசி547இன் பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. பிளஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே பஸ்ஸர். தண்ணீர் இரண்டு ஸ்குரூவையும் தொட்டதும் கத்தும். செம்புக் கம்பி போட்டால் சில வாரங்களில் பச்சை பிடித்து அரித்துவிடும். மோட்டாரை நிறுத்த மறக்கும் வீடுகளில் இந்த ஒன்றுக்காகவே கிட்டின் விலை கழிந்துவிடும்.

பேட்டரி மூன்றே நாளில் தீர்ந்துவிடுகிறது.

அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி ரிமோட் கார் ஓட்டவோ ஸ்பீக்கர் இழுக்கவோ பிறந்ததல்ல. ஆறு பென்டார்ச் செல் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி அதே 9 வோல்ட்டைக் கொடுங்கள். பல மடங்கு நாள் வரும். அப்புறம், 555ஐ இரவெல்லாம் மாட்டியே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சத்தம் போடாத நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை.